தண்ணீர் முறையும் பள்ளிக்கூட முறையும்

அந்த யோசனை வந்தபோது நான் வாய்க்கால் மடையில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். மேற்கு மலையின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. கீழே வயல்கள் இன்னும் சாம்பல் நிறமாகவே கிடந்தன. எங்கள் தண்ணீர் முறை முடிகிற நேரம். நீர்பாய்ச்சி மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்று ஊருக்கே தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான். அவருக்குப் பின்னால் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓர் உருவம் தள்ளாடி வந்தது. எங்களுக்கு அடுத்த முறைக்காரர். உறவில் எனக்கு மாமா. குளிர்காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்று முந்தின நாள்தான் கேள்விப்பட்டிருந்தேன்.

"காச்சலோட ஏன் மாமா வந்தீக? யாரையாச்சும் அனுப்பக் கூடாதா?"

"முறைக்கு ஆள் அனுப்புறதா? நல்லாச் சொன்ன போ, மாப்பிள்ளை." அவருக்குப் பல் கிட்டித்துக்கொண்டு பேச்சு துண்டு துண்டாக வந்தது. "செத்தாலும் முறையை முடிச்சிட்டுத்தான் சாவேன். தள்ளி நில்லு, தண்ணி வீணாப் போகுது."

அவர் எங்கள் மடையை அடைத்துத் தன் மடையை வெட்டித் திறந்தார். போன மாதம் மிஷன் கோவில் சாமியார் வந்து பள்ளிக்கூடத்து விஷயமாகப் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டவர் இதே மாமாதான். அவருடைய பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். தலைவலிக்குப் படுத்தவர் காய்ச்சலில் எழுந்து வந்திருக்கிறார். எல்லாம் 'முறை' என்கிற ஒரு சொல் செய்கிற வேலை. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு முறை வைத்தால் என்ன?

மண்வெட்டியைக் கழுவக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன். எனக்கு அப்படி ஒரு முறை அவசரமாக வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஓர் அறையும் முன்னால் ஒரு தாழ்வாரமும். கோவிலை விட்டால் ஊரில் ஓடு வேய்ந்த கட்டடம் அது ஒன்றுதான். ஒரே வாத்தியார். அவருடைய மனைவி தாழ்வாரத்து மூலையில் அடுப்பு மூட்டிச் சமைப்பது வழக்கம். அவர் அங்கே இருந்ததால்தான் ஊரார் பெண் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆவணியில் அந்த அம்மாள் பிரசவத்துக்காகத் தேவதானப்பட்டிக்குத் தாய் வீடு போனார். அதன் பிறகு ஒவ்வொரு வீடாகப் பெண் பிள்ளையை நிறுத்திக்கொண்டது. வாத்தியாரைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பையன்களை அடித்துவிட்டு அவரே தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கிற சாது. ஆனாலும் பெண்பிள்ளையை அனுப்புவது வேறு சங்கதி.

என் தகப்பனார் சாப்பிடும்போது சொன்னார்: "பொம்பளை இல்லாத எடத்துல பொட்டப்புள்ளைக்கு என்ன வேலை? எவளாச்சும் ஒருத்தி அங்கன உக்காந்திருந்தாத் தாராளமா அனுப்பு. இல்லையா, வீட்டுல இருக்கட்டும். தம்பிப் பயலைத் தூக்கி வச்சுக்கிட்டாவது திரியட்டும்."

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். முதல் புத்தகத்தை முடித்து இரண்டாவதைத் தொட்டிருந்த சமயம். சீமெண்ணெய் டின்னில் இருக்கிற எழுத்து, கல்லறைச் சிலுவையில் இருக்கிற எழுத்து என்று கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டி வாசித்துக்கொண்டு திரிந்தாள். அழவில்லை. "ஒருத்தின்னா யாரு தாத்தா?" என்று கேட்டாள்.

"யாரா இருந்தா என்ன? ஒரு பொம்பளை."

என் தகப்பனார் ஒன்றைச் சொன்னால் மாற மாட்டார். அவர் சொன்னதில் இருந்த இந்த இடைவெளியையும் மாற்ற மாட்டார் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் சரி. ஆனால் தினமும் ஒருத்தி வேண்டும். என் மனைவியால் தினமும் போக முடியாது. கைப்பிள்ளை, மாடு, அடுப்பு, களையெடுப்பு.

அதனால்தான் அந்தக் காலையில் சேற்றுக்காலோடு அடுப்படியில் போய் நின்றேன். என் மனைவி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"யோசனை வந்திருச்சாக்கும்?"

"எப்படித் தெரியும்?"

"போன தடவை இப்படித்தான் வந்து நின்னீக. கெணத்துல ரெண்டு ராட்டினம் போட்டா ரெண்டு பேரு ஒரே நேரத்துல எறைக்கலாம்னு சொன்னீக. ரெண்டு கயிறும் முறுக்கிக்கிட்டு ரெண்டு வாளியும் உள்ள போச்சு."

"அது வேற. இதைக் கேளு."

"அதுக்கு முந்தி கோழிக்கூட்டுக்குச் சக்கரம் வச்சீக."

நான் அதற்குப் பதில் சொல்லாமல் திட்டத்தைச் சொன்னேன். எந்த வீட்டுக்குத் தண்ணீர் முறையோ அந்த வீட்டுப் பெண் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் உட்கார வேண்டும். பிள்ளை படிக்கிற வீடுகள் எல்லாம் வாய்க்காலில் பங்குள்ள வீடுகள்தானே. வரிசை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "தண்ணி அன்னைக்கா? நல்ல நாள் பாத்தீக. வயலுக்குக் கஞ்சி கொண்டு போறது யாரு? வரப்பு ஓட்டை அடைக்க மண்ணு சுமக்குறது யாரு? மாட்டுக்குத் தவிடு வைக்கிறது யாரு? பொம்பளைக்கு மூச்சு விட நேரமில்லாத நாளு அது ஒண்ணுதான். மதுரையில இதெல்லாம் சொல்லிக் குடுக்கலை போல."

மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்துவிட்டு வந்தவன் என்பதை என் வீட்டில் இப்படித்தான் நினைவு வைத்திருந்தார்கள்.

"அப்ப மறுநாள்?" என்றேன்.

அவள் யோசித்தாள். "மறுநாள்னா வருவாளுக. ராத்திரியெல்லாம் தண்ணி கட்டுன ஆம்பளைக மறுநாள் பூராத் தூங்குவாக. அந்தக் கொறட்டையக் கேட்டுக்கிட்டு வீட்டுல எவ இருப்பா?"

நீர்பாய்ச்சியைச் சம்மதிக்க வைப்பது வேறு விதமாக இருந்தது. தண்ணீர் யாருக்கு என்று தெருவில் கூவுகிறவர் அவர்; பள்ளிக்கூடம் யாருக்கு என்பதையும் அவரே கூவ வேண்டும் என்றேன்.

"தண்ணிக்குக் கத்தவே தொண்டை பத்தலை, தம்பி."

"உங்க வாயால சொன்னாத்தான் முறை. நான் சொன்னா வெறும் பேச்சு."

அது அவருக்குப் பிடித்தது. மீசையைத் தடவினார். "அப்ப வாத்தியாரும் இனி நம்ம கட்டுப்பாட்டுலதான்னு சொல்லு."

"வாத்தியாரு இல்லை. பொம்பளைக மட்டும்."

"பொம்பளைகளா?" அவர் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். "அதுக்கு வாய்க்காலே தேவலையே."

ஆனாலும் இரண்டு நாள் கழித்துக் காலையில் கூவினார். "இன்னைக்குத் தண்ணி மேலவீட்டுக்கு! பள்ளிக்கூடம் ஓடக்கரை வீட்டுக்கு!" தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஓடைக்கரை வீட்டுப் பெண் ஒரு முறம் புளியையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். என் மகள் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினாள். என் தகப்பனார் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பேன். ஒருத்தி குஞ்சுகளோடு ஒரு கோழியைக் கூடையில் கவிழ்த்து எடுத்து வந்தாள். வீட்டில் விட்டால் பருந்து கொண்டுபோய்விடுமாம். இன்னொருத்தி வந்து உட்கார்ந்ததும் தூணில் சாய்ந்து தூங்கிப்போனாள். பையன்கள் அவளை எழுப்பிவிடக் கூடாதென்று அன்றைக்கு வாய்க்குள்ளேயே பாடம் படித்தார்களாம். காய்ச்சல் மாமாவின் மனைவி தன் மகன் ஒரு கணக்கும் போடத் தெரியாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இவனை ஏன் இன்னும் உரிக்காம வச்சிருக்கீக?" என்று வாத்தியாரிடம் சண்டைக்குப் போனாள். அவர் இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. தடங்கல்கள் இருந்தன என்றாலும், தினமும் ஒரு பெண் அங்கே இருந்தாள். என் தகப்பனாரின் நிபந்தனை அதுதான்.

சாயந்தரமானால் என் மகள் நீர்பாய்ச்சியின் வீட்டு வாசலில் போய் நிற்பாள். "நாளைக்கு யாரு முறை, தாத்தா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அந்த வீட்டுக்காரியிடம் போய் ஞாபகப்படுத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். அவளை யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை.

பிறகு முறை என்பதன் மற்றக் குணங்களும் பள்ளிக்கூடத்தில் தெரிய ஆரம்பித்தன. தண்ணீர் முறையை இரவல் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பாகம் பிரிக்கலாம். பள்ளிக்கூட முறையையும் அப்படியே செய்தார்கள். பாகம் பிரிந்த ஒரு வீட்டில் இரண்டு ஓரகத்திகள். தண்ணீரை எப்படிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்களோ அப்படியே பள்ளிக்கூடத்தையும் பிரித்தார்கள். உச்சிப்பொழுதுவரை மூத்தவள், பிறகு இளையவள். நிழல் காலடிக்கு வந்துவிட்டதா இல்லையா என்று இருவரும் முற்றத்தில் நின்று வாதாடியதில் அன்றைக்கு உச்சி தாண்டிப் பாடமே நடக்கவில்லை என்று வாத்தியார் என்னிடம் வருத்தப்பட்டார். பெரிய பங்குதாரர் ஒருவரின் மனைவி, தங்களுக்கு வாய்க்காலில் இரட்டைப் பங்கு இருப்பதால் பள்ளிக்கூடத்திலும் இரட்டை முறை வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. பங்கு குறையக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மதினி என்னைத் தெருவில் மறித்தாள். எங்கள் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் மலைமேல் நடக்கிற அணை வேலைக்குச் சுண்ணாம்பு வண்டி ஓட்டப் போய் மாதக்கணக்காகிறது. வயல் கிடையாது. வாய்க்கால் ஓரத்தில் புறம்போக்காக ஒரு கொல்லை. அதில் சுரைக்கொடியும் பூசணிக்கொடியும் போட்டிருந்தாள். அந்தக் கொல்லைக்கு வாய்க்காலில் பங்கு இல்லை. குடத்தில் மொண்டு ஊற்றலாம். மடை வெட்டக் கூடாது.

"கொழுந்தனாரே, நில்லுங்க. எம் மகன் எங்கன படிக்கிறான்?"

"நம்ம பள்ளிக்கூடத்துலதான், மதினி."

"அப்ப எனக்கு ஏன் முறை இல்லை? தெனமும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்குறேன். அந்தக் கிழவன் வாயில எம் பேரு வரவே மாட்டேங்குது. வயல் இல்லாதவ பெத்தது புள்ளை இல்லையோ?"

எனக்கு அது தோன்றவே இல்லை. தண்ணீரின் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டதில், தண்ணீரில் இல்லாதவர்கள் பள்ளிக்கூடத்திலும் இல்லாமல் போயிருந்தார்கள். அவளுக்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்கிறேன் என்றேன்.

"ஒதுக்க வேணாம். நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. களையெடுப்பு மும்முரம். முறை வருகிற பெண்களிடமெல்லாம் போய், "உன் பள்ளிக்கூடத்தை எனக்குக் குடு" என்று வாங்கிக்கொண்டாள். அதற்குப் பதிலாக அந்த வீட்டுத் தண்ணீர் முறை முடிகிறபோது, வாய்க்காலில் மிச்சம் நிற்கிற வடிதண்ணீரை ஓர் உலை கொதிக்கிற நேரம் அவள் கொல்லைக்குத் திருப்பிவிட வேண்டும். பெண்கள் ஒத்துக்கொண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆண்களுக்கு மறுக்கத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அநேகமாகத் தினமும் மதினிதான். தாழ்வாரத்துத் தூணில் முதுகை வைத்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு, பருத்தி பிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். வாத்தியார் கேட்கிற கேள்விக்குப் பையன்கள் வாய் திறக்குமுன் வெளியிலிருந்து அவள் குரல் வரும். பதில் பெரும்பாலும் தப்பாக இருக்கும். ஆனால் பையன்கள் வாத்தியாருக்குப் பயப்படாத அளவுக்கு அவளுக்குப் பயந்தார்கள். மதியம் வீட்டுக்குப் போனவன் திரும்பி வராமல் ஆற்றுப் பக்கம் நழுவுவது நின்றுபோனது. இன்னொன்றும் செய்தாள். நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், "ஒரு ஆளு காவலுக்குன்னு நான் உக்காந்திருக்கேன், உள்ள ஒரு குட்டியக் காணோம். நான் என்ன சுவத்துக்கா காவல் இருக்கேன்? அனுப்புடி" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். புரட்டாசி கடைசியில் பெண் பிள்ளைகளின் பாய் மறுபடி நிறைந்தது. என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் கிடைத்தது.

நீர்பாய்ச்சிதான் என்னிடம் வந்து பொருமினார். "தண்ணியக் குடுத்துப் பள்ளிக்கூடத்தை வாங்குறாக. பள்ளிக்கூடத்தைக் குடுத்துத் தண்ணிய வாங்குறாக. பங்கு இல்லாத கொல்லை பச்சைப் பசேல்னு நிக்குது. இது எந்த ஊரு நியாயம், தம்பி?"

என் தகப்பனார் உள்ளே இருந்து பதில் சொன்னார்: "சுரைக்கா நல்ல பிஞ்சா இருக்கு." மதினி அன்று காலையில் எங்கள் வீட்டுக்கு ஒன்று கொடுத்தனுப்பியிருந்தாள். நீர்பாய்ச்சியின் வீட்டுக்கும் ஒன்று போயிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

அந்த நாட்களில் எனக்கு இருந்த உற்சாகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தேவாரம் ஊருக்குப் போனபோது மாமனார் வீட்டில் இதை ஒரு மணிநேரம் விளக்கினேன். அவர்களும் செய்து பார்க்கலாமே என்றேன். மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "மழை வந்தா?" என்று மட்டும் கேட்டார். மழை வந்தால் பிள்ளைகள் நனையாமல் போக வழி கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு, சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் மழை பிடித்தது. இருட்டுவதற்குள் ஆறு செம்மண் நிறமாகி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. மறுநாள் காலையில் தெருவில் கூவல் இல்லை.

என் மகள் சிலேட்டோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கூவல் கேட்காததால் எழுந்து நீர்பாய்ச்சி வீட்டுக்குப் போனாள்; நானும் பின்னால் போனேன். அவர் மண்வெட்டியைக் கழுவி, எண்ணெய் தடவி, கூரை இறவாணத்தில் செருகிக்கொண்டிருந்தார். வீரபாண்டிக்கு, மகள் வீட்டுக்குப் புறப்படத் துணி மூட்டை கட்டியிருந்தது.

"இன்னைக்கு யாரு முறை, தாத்தா?"

"முறை கலைஞ்சு போச்சு, ஆத்தா. ஆறு நெறைஞ்சிருச்சு. எல்லா மடையும் தெறந்தாச்சு. யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பாய்ச்சிக்கலாம்."

"பள்ளிக்கூடம்?"

அவர் என்னைப் பார்த்தார். "அது தண்ணியோட வந்தது. தண்ணியோட போச்சு."

எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். தண்ணீர் இல்லாதபோதுதான் முறை. தண்ணீர் வந்துவிட்டால் முறை என்ற பேச்சே கிடையாது. மாமனாரின் கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோய்த் தட்டுப்பாட்டில் கட்டியிருந்தேன். ஊரே ஜெபம் பண்ணியும் பொங்கல் வைத்தும் கேட்டுக்கொண்டிருந்தது அந்தத் தட்டுப்பாடு தீர வேண்டுமென்றுதான். மலைமேல் அணை முடிந்து அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிவிட்டால் அப்புறம் முறையே இருக்காது என்று எல்லோரும் ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். காய்ச்சல் மாமா குணமாகி, வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியே முறை இல்லாம ஓடுது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்ன முறை, மாப்பிள்ளை? அதையும் தெறந்து விட்டுருங்க."

"தெறந்துதான் இருக்கு. ஆளு வேணும்."

"வேணும்கிறவக போவாக."

மதினி வீட்டில் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. ஒழுக்குக்குக் கீழே சட்டி வைத்துவிட்டு, பானை வைத்துவிட்டு, இன்னொன்றுக்கு வைக்க எதுவும் இல்லாமல் நின்றாள். "கொழுந்தனாரே, வானமே எங் கொல்லைக்கு மடை தெறந்திருச்சு. இனி நான் எதுக்கு உங்க வாத்தியாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரணும்? கம்பு குத்த ஒரு சாண் காஞ்ச எடம் இல்லாம நானே அல்லாடுறேன். போங்க, போயி வேற யாரையாச்சும் ஏமாத்துங்க."

"நான் என்ன ஏமாத்துனேன்?"

"ஏமாத்துனது நான்தான். சும்மா சொன்னேன். குடையாவது ஒண்ணு குடுத்திட்டுப் போங்க." என்னிடமும் குடை இல்லை.

என் தகப்பனார் அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழமை கோவிலுக்குப் போற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஏற்பாடு இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா திங்கக்கெழமையிலிருந்து இவ வீட்டுல."

என் மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுவிட்டு வாத்தியார் திருத்துவதற்குக் காத்திருக்கும்போது பார்க்கிற பார்வை.

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் என் மனைவி போனாள். கைப்பிள்ளைக்குத் தாழ்வாரத்து உத்தரத்தில் தூளி கட்டினாள். பிள்ளை அழும்போதெல்லாம் எங்கள் மகள் பாடத்தை விட்டுவிட்டு வந்து ஆட்ட வேண்டியிருந்ததால், அவள் படித்ததைவிட ஆட்டியதுதான் அதிகம். வீட்டில் அடுப்பு பொழுது சாய்ந்த பிறகுதான் எரிந்தது. மாடு கத்தியது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவள் நனைந்து வந்து, ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே பேசினாள்.

"இனி என்னால முடியாது. கம்பு குத்தலை. அரிசி இல்லை. உரலு முத்தத்துல தண்ணி நெறைஞ்சு கெடக்குது, தவளை உள்ள உக்காந்திருக்கு. ஊருல எல்லா வீட்டுலயும் இதே கதைதான். கீழத்தெருவுல சுண்டக்காயை வேக வச்சுத் தின்னுட்டுப் படுத்திருக்காக. அந்தப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தைப் பாக்கப் பாக்க வயிறு எரியுது எனக்கு. அவ்வளவு மழையிலயும் ஒரு சொட்டு ஒழுகலை. தரை எலும்பு மாதிரிக் காஞ்சு கெடக்குது. அதுல வெறுங்கையோட உக்காந்திருந்திட்டு வாறேன்."

நான் எழுந்தேன்.

"எந்திரிச்சிட்டாக" என்றாள் அவள். "எங்கன போறீக? சோறு திங்காம?"

"உரலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிட்டா?"

அவள் சேலையைப் பிழிவதை நிறுத்தினாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கோழிக்கூட்டை ஞாபகப்படுத்தவும் இல்லை. "ஒரு உரலு பத்தாது" என்றாள். "முந்திக்கிட்டு அடிச்சுக்குவாளுக. ஆனா வருவாளுக. விடியுமுன்ன வந்து வரிசை போடுவாளுக."

மழை பெய்கிற வரைக்கும் கம்பு குத்தக் காய்ந்த இடம் வேண்டும். கம்பு தீராது, அதைக் குத்துகிற வேலையும் தீராது. மழை விட்ட பிறகு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் வாத்தியாரின் மனைவி திரும்பி வரலாம்; வராமலும் இருக்கலாம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வாத்தியார் கதவைத் திறந்து கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தார். "தம்பி, உலக்கைச் சத்தத்துல நான் எப்படிப் பாடம் நடத்த?"

"வாய்ப்பாடு எப்படிச் சொல்ல வைக்கிறீக?"

"கத்தித்தான்."

"அப்பக் கம்பு குத்துற நேரத்துல வாய்ப்பாடு. அவுக பொடைக்கிற நேரத்துல வாசிப்பு."

அவர் யோசித்தார். "பொடைச்சா உமி பறக்குமே."

"காத்து எந்தப் பக்கம்னு பாத்து உக்கார வைப்போம்." அவர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. கதவைச் சாத்தும்போது, சாமியார் வந்து கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அது போதும்.

மதினி ஒழுகுகிற கூரைக்கடியில் நின்றுகொண்டே கேட்டாள். நிறைந்த சட்டியை எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்தாள். "யாரு வீட்டு உரலு?"

"எங்க வீட்டு உரலு."

"முதல் குத்து யாருக்கு?"

"உங்களுக்கு."

"அதைக் கிழவன் மாதிரித் தெருவுல கூவிச் சொல்லுங்க. அப்பத்தான் நம்புவேன்."

தகப்பனாரிடம் கடைசியாகத்தான் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். "உரலடியில பொம்பளைக இருப்பாக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "அது பாதி மண்ணுக்குள்ள இருக்கு. உங்க தாத்தா போட்டது. கடப்பாரை எரவாணத்துல இருக்கு" என்றார். திண்டாடாமல் தோண்ட எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கையால் காட்டினார். அது அனுமதிதானா என்று நான் கேட்கவில்லை.

நாளை சனிக்கிழமை. மழை கொஞ்சம் விட்டாலும் உரலைத் தோண்டி எடுத்து, சாய்த்து, தெருவில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். காய்ச்சல் மாமா கை கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் மனைவி சொல்லச் சொன்னாளாம். பள்ளிக்கூடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒற்றைக் கல் பாலம். நிறைந்து ஓடுகிற வாய்க்காலின் மேலே அந்தக் கல் உரலைத் தாங்குமா என்று நீர்பாய்ச்சியைக் கேட்கலாமென்றால் அவர் வீரபாண்டியில் இருக்கிறார். கிணற்றுக்கு வாங்கிய இரண்டாவது ராட்டினக் கயிறு மச்சில் கிடந்தது. எடுத்து உதறி, முறுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் அதை உரலின் கழுத்தில் கட்டி, பாலத்தில் நழுவாமல் இழுத்துப் பிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.